நீர்மேகங்கள் இன்னும் உறுதியாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சூரியனுக்கு அண்மையில் நீர்மேகம் சூழ்ந்த பனிக்கோள் ஒன்று இருப்பதாக வெளியான அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். வைஸ் 0855-0714 என்று வானியலர் பட்டியலிட்டிருக்கும் குளிர்ந்த பொருளைப் பற்றியது அக்கட்டுரை. ராசிபலனுக்கும் திரைச்செய்திக்கும் நடுவே இதற்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி கூறிவிட்டுத்தான் குறைகளைச் சொல்ல வேண்டும். அதன் வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி என்று ஒற்றை எண்ணாகத் தரப்பட்டிருந்தது. நீர்மேகங்கள் "உறுதி செய்யப்பட்டுவிட்டன" என்று எழுதப்பட்டிருந்தது. வெண்ணிறப் பட்டைகள் ஓடும் கருநீல உருண்டையின் படம் விளக்கம் ஏதுமின்றி அச்சாகியிருந்தது. இவற்றில் எதுவும் கட்டுரையாளர் இட்டுக்கட்டியது அன்று என்பதை நான் அறிவேன். முதல் இரண்டும் பொறுப்புள்ள ஆய்வாளர்கள் ஏதோ ஓர் ஆண்டில் எழுதியவற்றிலிருந்து வந்தவை, படம் ஓர் ஓவியரின் கற்பனை. ஆனால் அந்த ஆண்டுக்குப் பிறகு நடந்தவை கட்டுரையில் இல்லை, என் மனக்குறை அதைப் பற்றியதே.

முதலில் இப்பொருள் கண்டறியப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது. 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் விண்கலம், வெறும் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்டு, வானம் முழுவதையும் அகச்சிவப்புக் கதிர்களில் படமெடுத்தது. 2010-ஆம் ஆண்டில் ஆறு மாத இடைவெளியில் எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிட்ட பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வானியலர் கெவின் லூமன், மங்கலான ஒரு புள்ளி தன் இடத்தைவிட்டு நகர்ந்திருப்பதைக் கண்டார். பின்னர் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியால் 2013-இலும் 2014-இலும் அப்புள்ளி தொடர்ந்து அளக்கப்பட்டது. பூமி சூரியனைச் சுற்றும்போது அண்மையில் உள்ள பொருள்கள் தொலைவிலுள்ள விண்மீன்களின் பின்னணியில் ஆண்டுதோறும் சற்றே முன்னும் பின்னும் ஆடுவது போலத் தோன்றும். அந்த ஆட்டத்தின் அளவிலிருந்து தொலைவு கணக்கிடப்பட்டது. 2014 ஏப்ரலில் 7.2 ஒளியாண்டு என்று அறிவிக்கப்பட்ட தொலைவு, பிந்தைய அளவீடுகளில் 7.4 ஒளியாண்டு என்று சீராகியது. ஆல்ஃபா சென்டாரி, பர்னார்டின் விண்மீன், 2013-இல் அதே லூமன் கண்டறிந்த இரட்டைப் பழுப்புக் குறுமீன் (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத வாயுக்கோளங்கள்) ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, நமக்கு நான்காவது அண்டை இதுவே. இவ்வளவு அருகில் இருந்தும் 2014 வரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை ஏறத்தாழ வெளியிடுவதே இல்லை என்பதுதான். அதன் வெளிச்சத்தில் பெரும்பங்கு அகச்சிவப்பில், குறிப்பாக 5 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி வருகிறது.

அது ஆண்டுக்கு 8.1 விநாடிக் கோணம் (ஒரு விநாடிக் கோணம் என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே, வானில் இதைவிட வேகமாக இடம் மாறுவனவாக அறியப்பட்டவை பர்னார்டின் விண்மீனும் கப்டைனின் விண்மீனும் மட்டுமே. அப்படியிருந்தும் முழுநிலவின் அகலத்தைக் கடக்க இதற்குச் சுமார் 230 ஆண்டுகள் ஆகும்.

இனி வெப்பநிலை. அது மைனஸ் 48 முதல் மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று லூமன் 2014-இல் எழுதினார். அந்த நெடுக்கத்தின் நடுப்பகுதியில் விழுவதுதான் தங்கள் கட்டுரை தந்த மைனஸ் 23. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பதிந்த நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை ஆராய்ந்து, 2024-இல் வெளியான கட்டுரையில், லூமன் குழுவினர் மேகமற்ற வளிமண்டலத்துக்கான கணினி மாதிரி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது மிக நன்றாகப் பொருந்திய வெப்பநிலை 285 கெல்வினாக, அதாவது ஏறத்தாழ 12 டிகிரியாக இருந்தது. அதே கட்டுரையிலேயே, பொருள் வெளியிடும் மொத்த ஆற்றலையும் அதன் பருமன் பற்றிய கோட்பாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை அதைவிடச் சுமார் 20 டிகிரி குறைவாக வருகிறது என்றும் அவர்கள் சொல்லியிருக்கின்றனர். ஒரே குழு, ஒரே தரவு, இரண்டு விடைகள். அவர்கள் இதை மறைக்கவில்லை. முரண்பாட்டைச் சுருக்கவுரையிலேயே வைத்தார்கள். நம் செய்தியில்தான் அது இல்லாமல் போயிற்று.

இந்த எண்களுக்குப் பின்னால் வெப்பமானி எதுவும் இல்லை, கால் ஊன்றி அளப்பதற்கு அங்கே திடமான தரையும் இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த வாயுக் கோளத்தின் வெவ்வேறு ஆழங்களிலிருந்து வெவ்வேறு அலைநீளங்கள் தப்பி வருகின்றன. அவை அனைத்தையும் கூட்டி, இவ்வளவு ஆற்றலை வெளியிட, தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உள்வாங்கும் ஒரு கற்பனைக் கரும்பொருள் எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெறும் விடையே அது. ஆகவே "காரைக்குடியின் மார்கழி இரவைவிடக் கொஞ்சம்தான் குளிர்ச்சி" என்று கட்டுரை முடித்திருந்தது படிக்கச் சுவையாக இருந்தாலும் பொருளற்றது. அதைப் படித்துவிட்டு, அங்கே போய்க் குடியேறலாமா என்று என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான்; அவனைக் குறை சொல்ல மாட்டேன், கட்டுரையின் தொனி அப்படி இருந்தது. நீராவியும் மீத்தேனும் அம்மோனியாவும் கலந்த ஹைட்ரஜன் கடலில், கீழே இறங்க இறங்க அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போகும் இடம் அது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் இப்பொருளின் உயிர்நாடியான செய்தி. அது எந்தச் சூரியனையும் சுற்றவில்லை; அதை வெதுவெதுப்பாக்க வேறு விளக்கு இல்லை. வாயுத்திரள் தன் எடையாலேயே சுருங்கியபோது பிறந்த வெப்பம் நூறு கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கசிந்துகொண்டிருக்கிறது. ஒரு திரள் சூரியனின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் எட்டுப் பங்குக்குக் குறைவாக இருந்தால், அதன் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் நிலையாக எரியும் சூடு ஒருபோதும் உண்டாகாது, அது காலமெல்லாம் குளிர்ந்துகொண்டே போகும் என்று 1960-களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் முதன்மையானவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் எஸ். குமார். அப்படிப்பட்ட பொருளுக்கு பிரவுன் டுவார்ஃப், அதாவது பழுப்புக் குறுமீன் என்று 1975-இல் பெயரிட்டவர் அமெரிக்க வானியலர் ஜில் டார்ட்டர். ஐயத்துக்கு இடமின்றி அவை வானில் காணப்பட்டது 1995-இல்தான். ஏட்டில் எழுதியதற்கும் கண்ணால் கண்டதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கின்றன. ஒரு தமிழ் நாளிதழ் குமாரின் பெயரை விட்டுவிட்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

குளிர்ந்துகொண்டே போவதால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. இளமையான சிறு பொருளும் முதுமையான பெரும் பொருளும் இன்று ஒரே அளவு சூட்டில் இருக்கக்கூடும். வைஸ் 0855-இன் வயது தெரியாது. 100 கோடி ஆண்டு முதல் 1000 கோடி ஆண்டு வரை எதுவாக வைத்துக்கொண்டாலும் தகும். அதற்கேற்ப அதன் நிறை வியாழனைப் போல 3 மடங்கிலிருந்து 10 மடங்கு வரை மாறுகிறது. எந்த மதிப்பை எடுத்தாலும் அது டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் எரிவதற்குத் தேவையான, வியாழனின் 13 மடங்கு என்னும் எல்லைக்குக் கீழேதான் நிற்கிறது. இதற்கு 2024-இல் நேரடியான ஆதரவு ஒன்று கிடைத்தது: ஜேம்ஸ் வெப் நிறமாலையில், சாதாரண மீத்தேனோடு டியூட்டீரியம் ஏறிய மீத்தேனும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு வளிமண்டலத்தில் டியூட்டீரியம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதன் விகிதம், சூரியன் பிறந்த வாயுவில் இருந்ததை ஒத்திருந்தது. பிறந்த நாள் முதல் அது எரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது என்பதே இதன் பொருள். இத்தகைய பொருளைக் கோள் என்பதா, குறுமீன் என்பதா என்ற வழக்கில் நான் இறங்கப் போவதில்லை. ஒரு விண்மீனைச் சுற்றிய வட்டிலிருந்து எறியப்பட்டதா, தனித்த சிறு முகிலிலிருந்து நேரே சுருங்கிப் பிறந்ததா என்பதை இன்றைய தரவு சொல்லவில்லை. அதனால் "தாயைப் பிரிந்த கோள்" என்று கட்டுரையில் வந்த உருக்கமான துணைத்தலைப்புக்கும் ஆதாரம் இல்லை.

இனி, தலைப்பிலேயே ஏறிவிட்ட நீர்மேகங்களுக்கு வருகிறேன்.

2014-இல் ஜாக்கி ஃபாஹெர்ட்டியும் உடன் ஆய்வாளர்களும் சிலியிலுள்ள மெகல்லன் தொலைநோக்கியால் இப்பொருளை மிக மங்கலாகப் பிடித்தனர். அதன் நிறம், நீர்ப்பனி மேகங்கள் உள்ள மாதிரியோடு ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த அளவீட்டின் உறுதி 2.6 சிக்மா மட்டுமே, வானியலில் அது ஒரு குறிப்பு என்ற அளவோடு நிற்பது. 2016-இல் ஆண்ட்ரூ ஸ்கீமர் குழுவினர் ஹவாயிலுள்ள ஜெமினி நார்த் தொலைநோக்கியால் பல இரவுகள் முயன்று, 5 மைக்ரான் பகுதியில் முதல் நிறமாலையைப் பெற்றனர். நீராவி அதில் தெளிவாகத் தெரிந்தது. மேகங்களைச் சேர்த்த மாதிரி அதோடு மேலும் நன்றாகப் பொருந்தியது. உலகெங்கும் "சூரியக் குடும்பத்துக்கு வெளியே நீர்மேகங்கள்" என்று தலைப்பெழுதப்பட்டது அப்போதுதான், தங்கள் கட்டுரையும் அங்கேயே நின்றுவிட்டது. அதே ஆண்டில் ஸ்பிட்சர் அளவீடுகள், பொருளின் பிரகாசம் 3 முதல் 5 விழுக்காடு வரை ஏறி இறங்குவதைக் காட்டின. அதை வைத்தும் மேகம்தான் காரணம் என்று அறுதியிட முடியவில்லை.

பிறகு ஜேம்ஸ் வெப் வந்தது. தரையிலிருந்து பெற்றதைவிடப் பன்மடங்கு துல்லியமான நிறமாலை கையில் கிடைத்ததும், 2016-இல் மேகத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அதே அலைநீளப் பகுதி மேகமே இல்லாத மாதிரியோடும் நன்றாகப் பொருந்துவதை லூமன் குழுவினர் கண்டார்கள். நீர்ப்பனி மேகங்களுக்குத் தெளிவான சான்று இன்னும் கிடைக்கவில்லை, ஆயினும் அது இத்தரவில் மறைந்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள். மேகம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இத்தகைய குளிரில் நீராவி உறைய வேண்டும் என்பதைக் கோட்பாடு எதிர்பார்க்கிறது. அதே தொலைநோக்கியின் நடு அகச்சிவப்புக் கருவியால் பின்னர் பெற்ற நிறமாலை, வளிமண்டலத்தின் மேலடுக்கில் நீராவி குறைந்திருப்பதைக் காட்டியிருப்பது அந்த எதிர்பார்ப்புக்கு இணங்கவே இருக்கிறது. ஆனால் குறைந்த நீராவி ஒன்று, கண்ட மேகம் வேறொன்று.

பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த பாஸ்ஃபீன் வாயுவின் கதை இன்னும் பாடமானது. வியாழனில் இருக்கும் அந்த வாயு, உள்ளிருந்து மேலே கலங்கி வரும் காற்றோட்டம் உள்ள இப்பொருளிலும் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். 2016-இல் தென்படவில்லை. ஜேம்ஸ் வெப்பின் முதல் ஆய்விலும் இல்லை என்றே எழுதப்பட்டது. டியூட்டீரியத்தைக் கண்ட அதே 2024-ஆம் ஆண்டுக் குழு, மேலும் பல மணி நேரத் தரவைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது, நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் பாஸ்ஃபீன் இருப்பது தெரிந்தது. இதில் எவரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் கருவி எட்டிய தூரம் வரை சரியாகவே சொன்னார்கள்.

எங்கள் பகுதியில் பழைய வணிகக் குடும்பங்களின் வீடுகளில், பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலின் கணக்குகள் இன்றும் பெட்டிகளில் கிடக்கின்றன. கணக்கப்பிள்ளை அன்றாடக் குறிப்பில் எழுதிய தொகை, பேரேட்டில் ஏறி, ஐந்தொகை போட்டுப் பார்க்கும் வரை முடிந்த கணக்காக எண்ணப்பட்டதில்லை. குறிப்பில் இருந்ததே என்று அதைக் காட்டிக் கடன் கேட்டவரும் இல்லை. 2014-இலும் 2016-இலும் வெளியானவை நேர்மையாக எழுதப்பட்ட அன்றாடக் குறிப்புகள். தங்கள் கட்டுரை அவற்றை ஐந்தொகையாக அச்சிட்டுவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கட்டுரை வெளியான சில நாள்களிலேயே, காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் வாட்ஸ்அப் வழியே ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கியது. ஆயில்யத்துக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத இருண்ட கோள் ஒன்று மறைந்திருப்பதாகவும், அது பூமியை நோக்கி வருவதாகவும், "பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள்" என்றும் அதில் ஒருவர் அச்சுறுத்துகிறார். திசையைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு: ஆயில்ய விண்மீன்கள் வாசுகி என்னும் நீர்ப்பாம்பின் தலை, இப்பொருள் அவற்றுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு டிகிரி தள்ளி இருக்கிறது. மாமியாருக்கு ஆகாது என்று ஆயில்யத்தின் தலையில் ஏற்கெனவே ஏற்றிவைத்த பழி போதாதா என்ன!

வருகிறது என்பதற்கு மட்டும் எந்த அடிப்படையும் இல்லை. நாம் அளந்திருக்கும் அந்தப் பெரிய நகர்வு பக்கவாட்டில் நிகழ்வது. வினாடிக்குச் சுமார் 88 கிலோமீட்டர் வேகத்தில் அது நம் பார்வைக்குக் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதன் ஈர்ப்பைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஒரு கணக்கு: நிறையை மிக அதிகமாக, வியாழனின் 10 மடங்காக வைத்துக்கொண்டாலும், அது சூரியக் குடும்பத்தை இழுக்கும் விசை ஆல்ஃபா சென்டாரி விண்மீன்கள் இழுப்பதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. வினாடிக்கு 17 கிலோமீட்டர் செல்லும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் திசையில் போவதாக வைத்துக்கொண்டால், சென்று சேர 1,30,000 ஆண்டுகள் ஆகும். இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. அதே லூமன், அதே வைஸ் படங்களைக் கொண்டு, 2014-இன் தொடக்கத்திலேயே சூரியனின் சுற்றுப்புறத்தையும் சலித்துப் பார்த்திருந்தார்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல 10,000 மடங்குக்குள் சனி அளவுள்ள பொருளும், 26,000 மடங்குக்குள் வியாழனைவிடப் பெரிய பொருளும் மறைந்திருக்கவில்லை என்பது அதன் முடிவு. வைஸ் 0855 இருப்பதோ ஏறத்தாழ 4,70,000 மடங்கு தொலைவில். இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்து இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தக் குரல்பதிவுக்குத் தாளைச் சான்று காட்ட வழியிருந்திருக்காது.

மாசிக் கடைசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் இரவு ஒன்பது மணியளவில் எங்கள் ஊர்களில் தெற்கு நோக்கி நின்றால், அப்பொருள் இருக்கும் இடம் உச்சிக்குச் சற்றே கீழே, அடிவானிலிருந்து எழுபது டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்குக் கிழக்கே எட்டு டிகிரியில், செந்நிறச் சாயல் கொண்ட அல்ஃபார்ட் விண்மீன் தனித்துத் தெரியும். இவ்வளவையும் மாணவர்களுக்கு மாடியில் நின்று காட்டலாம். பொருளை மட்டும் காட்ட முடியாது. பெரிய தொலைநோக்கி வாங்கினால் தெரியுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அண்மை அகச்சிவப்பில் அதன் பிரகாசம், எண் ஏற ஏற ஒளி மங்கும் வானியல் அளவுமுறையில், 25-ஆம் பருமன், 6.5 மீட்டர் ஆடியுள்ள மெகல்லனுக்கே அது திணறலாக இருந்தது, ஆகவே காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. ஜேம்ஸ் வெப்புக்கும் அது சில புள்ளிகள் அளவுள்ள ஒளிப்பொட்டுதான். எனவே தாங்கள் வெளியிட்ட வண்ணப்படத்தின் கீழே "ஓவியரின் கற்பனை" என்ற இரண்டு சொற்கள் கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

மாணவர்கள் உண்மையாகவே செய்யக்கூடியது வேறொன்று உண்டு, அதற்கு ஆடியும் வேண்டாம், மாடியும் வேண்டாம். வைஸ் விண்கலம் 2024 ஆகஸ்டில் பணி முடிக்கும் வரை எடுத்த படங்கள் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. வெவ்வேறு ஆண்டுகளின் படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நகரும் புள்ளியைப் பொதுமக்களே தேடும் பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் என்னும் திட்டம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் கண்ட சுமார் 95 குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களைப் பற்றிய முடிவுகள் 2020-இல் வெளியாயின. மாதிரிகள் எவற்றோடும் பொருந்தாமல் ஆய்வாளர்களையே குழப்பிய வைஸ் 1534-1043, அதாவது "விபத்து" என்று செல்லப்பெயர் பெற்ற பொருளையும் அப்படி ஒரு தன்னார்வலர்தான் முதலில் கவனித்தார். ஒரு பள்ளிக் கணினி அறையும் பொறுமையும் இதற்குப் போதும். தங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியை மார்கழிக் குளிருக்குச் செலவிட்டதற்குப் பதிலாக இதற்குச் செலவிட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

ஆகவே, அதே ஞாயிறு இணைப்பில், முதல் கட்டுரை வந்த அதே பக்கத்தில், பின்வருமாறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்: வைஸ் 0855-0714-இன் வெப்பநிலை, அளக்கும் முறையைப் பொறுத்து மைனஸ் 48 முதல் பிளஸ் 12 டிகிரி வரை மதிப்பிடப்பட்டிருக்கிறது, 2024-இன் ஆய்வுகள் மைனஸ் 9-க்கும் 12-க்கும் இடையே மதிப்புகளைத் தருகின்றன, தொலைவு 7.4 ஒளியாண்டு, நீராவி, மீத்தேன், அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு ஆகியவை காணப்பட்டுள்ளன, நீர்மேகங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன, இன்னும் உறுதியாகவில்லை, வெளியிட்ட படம் ஓவியம். இடமில்லை என்றால் கார்பன் மோனாக்சைடை விட்டுவிடலாம், மேகங்களைப் பற்றிய வரியை விட்டுவிட வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.